கழட்டினால் பூட்டத் தெரிய வேணும்: ஒரு சின்னத் துவக்கின் வரலாறு

உயிலங்குளம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு 'கழட்டிப் பூட்டுறது' என்ற சொல்லைப் புதிசாச் சொல்லித்தரத் தேவையில்லை. வயலுக்குத் தண்ணி இறைக்கிற பம்ப் இடையில நின்றால் கழட்டிப் பூட்டுவம். லான்ட்மாஸ்டர் புகை தள்ளினால் கழட்டிப் பூட்டுவம். சைக்கிளுக்கும் அதுதான், மின்விசிறிக்கும் அதுதான். கழட்டுறது ஆருக்கும் ஏலும். பூட்டி முடிஞ்ச பிறகு ஒரு நட்டு கையில மிஞ்சி நிக்கும்போதுதான் ஆள் ஆரெண்டு தெரியும் என்று எங்கட பெரியாக்கள் சொல்லுவினம்.

இதே சொல்லை இன்னொரு பொருளுக்கும் எங்கட ஊர்களில் பாவிக்கிறார்கள். அப்போது குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும். எங்களுக்கு முந்தின தலைமுறையில் சிலருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒரு துவக்கைக் கழட்டிப் பூட்டத் தெரியும். உலகத்தில் எந்தப் படையிலும் அது அடிப்படைப் பயிற்சி. விரும்பிப் போய்ப் பழகினவர்கள் இருக்கிறார்கள், பிடித்துக்கொண்டு போய்ப் பழக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இன்றைக்கு அவர்கள் வயல் செய்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், எங்களைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க அனுப்புகிறார்கள். அந்தக் கதையைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். நாங்களும் அதிகம் கேட்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்தத் துவக்குகளைப் பற்றியது அல்ல. கடதாசி இலக்கைச் சுடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு சின்னக் கைத்துப்பாக்கியைப் பற்றியது. அதைத் துடைத்துச் சுத்தம் செய்தபின் திரும்பப் பூட்டுவது எவ்வளவு கரைச்சல் என்பதற்காகவே அது உலகம் முழுக்கப் பெயர் எடுத்தது. அது எங்களுக்கு ஏன் முக்கியம் என்று நீங்கள் கேட்கலாம். ஆளைக் கொல்லுறதுக்கு இல்லாமல், விளையாட்டுக்கு எண்டு ஒரு துவக்கு இருக்க ஏலுமா? எங்கட நண்பர்கள் வட்டத்தில் ஒருநாள் எழும்பின இந்தக் கேள்விக்கு ஆரிடமும் நேரான பதில் இருக்கவில்லை. அதனால் தேடினோம்.

எங்கட ஊருக்குத் துவக்கு வந்த வழி

முதலில் எங்கட சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டார் 'துப்பாக்கி' என்பதை நாங்கள் 'துவக்கு' என்கிறோம். இரண்டுமே துருக்கி மொழியின் 'துபெக்' என்ற சொல்லோடு உறவு உள்ளவை. 'பீரங்கி' என்ற சொல்லுக்குள் பரங்கியரே இருக்கிறார்கள். பொருள் எந்தப் பக்கத்தால் வந்தது என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. மன்னார்த் தீவின் வாசலில் இருக்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560ல் கட்டினார்கள். 1658ல் அது ஒல்லாந்தர் கைக்கும், 1795ல் ஆங்கிலேயர் கைக்கும் போனது. ஒவ்வொரு கைமாற்றத்தோடும் புதிய வகைத் துவக்குகள் இந்தக் கரைக்கு வந்தன.

பிறகு துவக்கு வயலுக்கு வந்தது. கட்டுக்கரைக்குளத்தின் தண்ணியை நம்பி நெல் விதைக்கும் ஊர்களில் பன்றியும் யானையும் இரவு விருந்தாளிகள். இடியன் துவக்கு, கட்டுத்துவக்கு, அனுமதிப்பத்திரத்தோடு வாங்கின சொட்கன் என்று வன்னிப் பக்கத்தில் பல வகை புழங்கின. இலங்கையில் ஒரு துவக்கை வைத்திருக்க வேண்டுமென்றால் 1916ம் ஆண்டின் 33ம் இலக்கச் சுடுபடைக்கலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதி எடுக்க வேண்டும், அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவும் வேண்டும். நூறு வருடத்துக்கு மேலாக இதுதான் சட்டம். 80களில் நிலைமை மாறியபோது வடக்கில் வீடுகளில் இருந்த சொட்கன்கள் ஒன்றில் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன, இல்லாவிட்டால் இயக்கங்கள் வாங்கிக்கொண்டு போயின. பன்றிக்கு வாங்கின துவக்கு பன்றிக்கு இல்லாமல் போனது.

2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு ஓமந்தை, முகமாலை போலவே உயிலங்குளமும் ஒரு கடவைப் பாதையாக இருந்தது. மன்னார்–மதவாச்சி வீதியில் போகிறவர்களுக்கு இன்று அது ஒரு சந்தி மட்டும்தான். அப்போது அது இரண்டு ஆட்சிகளுக்கு நடுவிலான வாசல். ஒரு பக்கம் அரச படை, மறுபக்கம் புலிகள். பையைக் கொட்டிக் காட்டி, திரும்ப அடுக்கி, அடுத்த பக்கத்தில் மறுபடியும் கொட்டிக் காட்டி நடந்தவர்கள்தான் எங்கட அம்மாமாரும் அப்பாமாரும். இரண்டு பக்கமும் துவக்கு நின்றது. எங்களுக்குத் துவக்கு என்றால் அப்படித்தான் அறிமுகம்: ஆரோ ஒராளின் தோளில் தொங்கும், நாங்கள் அதைப் பார்க்காத மாதிரி நடக்க வேணும்.

ஆகவே 2022 ஜூலையில் நடிகர் அஜித் குமார் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டியில் பதக்கங்கள் வென்ற படங்கள் எங்கட போன்களுக்கு வந்தபோது, அதை எப்படிப் பார்ப்பதென்றே எங்களுக்குத் தெரியவில்லை. சிரித்த முகம், நீட்டின கை, கையில் ஒரு பிஸ்டல், எதிரில் வெறும் கடதாசி. திருச்சி எங்களுக்குத் தூரமில்லை. ஆனால் அந்தப் படத்தில் இருந்த துவக்கு வேறொரு உலகத்துத் துவக்கு.

சின்ன ரவையின் கதை

அந்த உலகத்துக்குள் போக ஒரு சின்ன ரவையில் இருந்து தொடங்க வேணும். பிரான்சில் புளோபேர் என்ற துவக்குக் கொல்லர் 1845 அளவில் ஒரு குட்டி ரவையைச் செய்தார். அதில் வெடிமருந்தே கிடையாது. அடிப்பாகத்தில் உள்ள பற்றவைக்கும் கலவை மட்டும்தான் ஈயக் குண்டைத் தள்ளும். பணக்கார வீடுகளின் வரவேற்பறையில், விருந்து முடிந்தபின் பொழுதுபோக்காகச் சுடுவதற்கு அது போதுமாக இருந்தது. 1857ல் அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெசன் கொம்பனி அந்த யோசனையில் கொஞ்சம் மருந்தும் சேர்த்து ஒரு சுழல்துப்பாக்கியை விற்கத் தொடங்கியது. 1887ல் ஸ்டீவன்ஸ் கொம்பனி இன்றைக்கும் பாவனையில் உள்ள '.22 லோங் றைபிள்' ரவையைக் கொண்டுவந்தது. விட்டம் 5.6 மில்லிமீற்றர். குண்டின் எடை சுமார் 2.6 கிராம். விலை குறைவு, உதைப்புக் குறைவு, சத்தமும் குறைவு. சுடப் பழகுகிறவர்களுக்கும் போட்டிக்காரர்களுக்கும் இதைவிட வசதியான ரவை இல்லை.

ஆனால் இந்த ரவைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அழுக்கு. குண்டு வெறும் ஈயம், அதன்மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். சுடும்போது எரிந்த மருந்தின் கரியும், உருகின மெழுகும், ஈயத் துகளும் சேர்ந்து துவக்கின் உள்ளுக்குள்ளேயே படியும். சில நூறு தரம் சுட்டால் உள்ளே கறுத்த களி மாதிரி ஒட்டிப்போகும். பிறகு ரவை சரியாக ஏறாது, வெற்றுக்கோது வெளியே பாயாது. ஆகவே .22 பிஸ்டல் வைத்திருப்பவர் அதைக் கழட்டித்தான் ஆக வேணும். கழட்டினால் பூட்டத்தான் வேணும்.

இரண்டு ஜப்பான் துவக்குகள், ஒரு கராஜ்

1945. யுத்தம் முடிந்து வீடு திரும்பிய ஒரு அமெரிக்க மரைன் சிப்பாய், பசிபிக் போர்முனையில் இருந்து இரண்டு ஜப்பானிய 'நம்பு' வகைப் பிஸ்டல்களைக் கொண்டுவந்தார். அவரிடம் இருந்து அவற்றை வாங்கியவர் வில்லியம் ரூகர். அவற்றைக் கழட்டி, ஒவ்வொரு பாகமாக அளந்து, தன் கராஜில் அதேபோல இரண்டைச் செய்து பார்த்தார். அப்போது விற்கவில்லை. தச்சுவேலைக் கருவிகள் செய்து விற்கும் ஒரு தொழிலைத் தொடங்கினார், அது படுத்துவிட்டது.

பிறகு அலெக்சாண்டர் ஸ்டேர்ம் என்ற ஓவியர் 50,000 டொலர் முதல் போட்டார். 1949ல் கனெக்டிகட் மாநிலத்தின் சவுத்போர்ட் என்ற சின்ன ஊரில் 'ஸ்டேர்ம், ரூகர்' கொம்பனி பிறந்தது. அவர்கள் விற்ற முதற்பொருள் ஒரு .22 பிஸ்டல். 'ஸ்டாண்டர்ட்' என்று பெயர். விலை 37.50 டொலர். அந்தக் காலத்தில் பெயர்பெற்ற கோல்ட் வூட்ஸ்மன் பிஸ்டலைவிட மலிவு.

எப்படி மலிவாக்கினார்கள்? கைபிடியை ஒரு முழு இரும்பில் இருந்து குடையாமல், தகட்டில் இரண்டு பாதிகளாக அச்சடித்து ஒட்டவைத்தார்கள். மேற்பகுதி ஒரு நீட்டுக் குழாய். அதற்குள்ளே உருளை வடிவில் ஒரு இரும்புத் தண்டு முன்னும் பின்னும் ஓடும். அதற்குப் பின்னால் இரண்டு காது மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதைப் பிடித்துத்தான் இழுக்க வேணும். இந்த அமைப்பு அந்த ஜப்பான் பிஸ்டலில் இருந்து வந்தது. ஒரு யுத்தத்தில் தோற்ற படையின் துவக்கு, கடதாசி சுடும் துவக்குக்குத் தாய் ஆனது. நம்பு பிஸ்டலை ஜப்பானிய அதிகாரிகள் சீனாவிலும் மலாயாவிலும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இது சாதாரண விசயம் இல்லை.

ஸ்டேர்ம் 1951ல் இளவயதிலேயே இறந்துபோனார். கொம்பனிக்குக் கழுகுச் சின்னத்தைத் தந்தவர் அவர்தான். அதுவரை கைபிடியில் சிவப்பாக இருந்த கழுகை அவர் நினைவாகக் கறுப்பாக்கினார் ரூகர்.

பூட்ட முடியாத பிஸ்டல்

இந்தத் துவக்கு கோடை வெயிலிலும் பனியிலும் வேலை செய்யும், குறி தப்பாது என்று பெயர் எடுத்தது. கழட்டிப் பூட்டுவதில்தான் அதன் மானம் போனது.

கழட்டுவதற்கு முதல் ரவைக்கூட்டை வெளியே எடுத்து, குழலுக்குள் ரவை இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேணும். இது எல்லாத் துவக்குக்கும் பொது. ஆனால் இதில் இன்னும் முக்கியம். ஏனென்றால் இந்தப் பிஸ்டலைக் கழட்டுவதற்கே விசையை ஒருதரம் அமத்த வேணும். உள்ளே இருக்கும் சுத்தியல் விழுந்தால்தான் அடுத்த வேலை. எங்கட பத்திரிகைகளில் 'துப்பாக்கியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது தவறுதலாக வெடித்தது' என்று ஒரு வரி வரும். அந்தத் தவறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கும்.

கைபிடியின் பின்பக்கத்தில் ஒரு நீளமான சட்டம். அதற்குள் பிரதான ஸ்பிறிங். ஒரு கொளுவியைக் கிளப்பி அந்தச் சட்டத்தை வெளியே இழுத்தால், அதோடு சேர்ந்த ஊசி கீழே இறங்கும். அந்த ஊசிதான் உருளைத் தண்டு பின்னால் பறக்காமல் பிடித்துக்கொண்டிருப்பது. அது போனால் தண்டு பின்னால் வழுக்கி வரும். குழாயும் குழலும் கைபிடியில் இருந்து கழரும். இவ்வளவும் இரண்டு நிமிச வேலை. துடைத்து எண்ணெய் பூசுவது இன்னும் பத்து நிமிசம்.

இனிப் பூட்டுவது. எல்லாம் தலைகீழ் ஒழுங்கில்தான். குழாயைக் கைபிடியில் ஏற்ற வேணும், தண்டை உள்ளே தள்ள வேணும், ஊசியை மேலே ஏற்ற வேணும், சட்டத்தை மூட வேணும். ஆனால் சுத்தியலின் பின்னால் ஈர்க்கு மாதிரி ஒரு சின்னக் கம்பி தொங்கிக்கொண்டிருக்கும். அதை வெளியில் இருந்து பார்ப்பது கஷ்டம், கையால் பிடிக்கவும் ஏலாது. சட்டத்தை மூடும் நேரத்தில் அந்தக் கம்பியின் நுனி, ஸ்பிறிங்கின் தலையில் இருக்கும் சின்னக் குழிக்குள் விழ வேணும். அதற்குப் பிஸ்டலை ஒரு குறிப்பிட்ட சரிவில் பிடித்து, புவியீர்ப்பை நம்பி, மெதுவாக மூட வேணும். கம்பி குழிக்குள் விழாவிட்டாலும் சட்டம் மூடிக்கொள்ளும். எல்லாம் சரி போலவே இருக்கும். பின்னால் உள்ள காதுகளைப் பிடித்து இழுத்தால் மட்டும் தண்டு கொஞ்சம் அசைந்து நின்றுவிடும். பிறகென்ன, முதலில் இருந்து கழட்ட வேணும்.

1949ல் இருந்து இலட்சக்கணக்கானவர்கள் சமையலறை மேசையில் இந்தத் துவக்கை விரித்துவைத்துவிட்டு முழித்திருக்கிறார்கள். சிலர் பாகங்களை ஒரு பையில் போட்டுக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். சிலர் கழட்டுவதையே விட்டுவிட்டு, கழட்டாமல் எட்டின மட்டும் துடைத்து வந்தார்கள். 1982ல் 'மார்க் 2', 2004ல் 'மார்க் 3' என்று புதிய வடிவங்கள் வந்தன. மூன்றாவது இன்னும் மோசம். ரவைக்கூடு உள்ளே இல்லாவிட்டால் சுத்தியல் விழாத மாதிரி ஒரு பாதுகாப்பைச் சேர்த்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் பூட்டும்போது வெற்று ரவைக்கூட்டைப் போடுவதும் எடுப்பதுமாக வேலை இரட்டிப்பானது.

67 வருடம் கழித்து, 2016ல் 'மார்க் 4' வந்தது. பின்னால் ஒரு பொத்தானை அமத்தினால் துவக்கு முன்பக்கக் கீலில் மடிந்து இரண்டாகப் பிரியும். தொங்கும் கம்பியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. அடுத்த வருடமே, 2017ல், பாதுகாப்புப் பிடி இரண்டு நிலைக்கும் நடுவில் நின்றால் துவக்கு வெடிக்கலாம் என்று கண்டு, விற்றவற்றைக் கொம்பனி திரும்ப அழைத்துத் திருத்திக் கொடுத்தது.

கடதாசிக்கு மட்டுமா?

இவ்வளவையும் படித்தபோது எங்களில் சிலருக்கு ஒரு நிம்மதி வந்தது. கடைசியில் விளையாட்டுக்கென்றே ஒரு துவக்கு இருக்கத்தான் செய்கிறது என்று. அந்த நிம்மதி அதிக நேரம் நீடிக்கவில்லை.

சத்தம் குறைவு என்ற அதே காரணத்துக்காக, இந்த ரூகர் பிஸ்டலில் ஒலியடக்கி பொருத்தி அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையினர் பாவித்திருக்கிறார்கள். யுத்தத்தில் இருந்து விளையாட்டுக்கு வந்தது, விளையாட்டில் இருந்து திரும்பவும் யுத்தத்துக்குப் போனது. .22 ரவையும் அப்படித்தான். 1968ல் ரொபேர்ட் கென்னடி கொல்லப்பட்டது ஒரு .22 சுழல்துப்பாக்கியால். 1981ல் ஜனாதிபதி றேகன் சுடப்பட்டதும் .22 ரவையால்தான். வரவேற்பறையில் விளையாடப் பிறந்த ரவை அது.

மறுபக்கத்திலும் ஒரு கதை உண்டு. கரோலி தக்காச் ஹங்கேரி இராணுவத்தில் இருந்தவர். உலகத்தின் சிறந்த பிஸ்டல் வீரர்களில் ஒருவர். 1936 ஒலிம்பிக்குக்கு அவரை அனுப்பவில்லை. அவர் சாதாரண தரத்துச் சிப்பாய், அதிகாரிகளுக்கு மட்டும்தான் இடம் என்றார்கள். 1938ல் பயிற்சியின்போது ஒரு கைக்குண்டு கையிலேயே வெடித்து, சுடுகிற வலது கை சிதைந்தது. அவர் ஒருவருக்கும் சொல்லாமல் இடது கையால் பழகினார். அடுத்த வருடமே தேசியப் போட்டியில் வென்றார். உலக யுத்தத்தால் இரண்டு ஒலிம்பிக் நடக்காமல் போனது. 1948ல் லண்டனில், 38 வயதில், விரைவுச் சூட்டுப் பிஸ்டல் போட்டியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். 1952ல் ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம். அதே போட்டியில்தான் 2012ல் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்றார்.

தக்காச்சின் கதையை எங்கட ஊரில் சொல்லும்போது அது வேறு மாதிரிக் கேட்கிறது. கையை, காலை யுத்தத்தில் விட்டவர்கள் எங்கட ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் 'மனம் இருந்தால் முடியும்' என்று இந்தக் கதையைச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. தக்காச்சுக்குத் திரும்பிப் போக ஒரு படையும் ஒரு மைதானமும் ஒரு நாடும் இருந்தன.

கருவி பிழைத்தால் வீரரின் கதி என்ன என்பதை மனு பாக்கரிடம் பார்க்கலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், 10 மீற்றர் எயார் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் அவருடைய பிஸ்டலில் ஒரு நெம்புகோல் உடைந்தது. அதைத் திருத்திக்கொண்டு வர நிமிசங்கள் ஓடின. இரண்டே புள்ளியால் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். 2024ல் பாரிசில் இரண்டு வெண்கலம் வென்றார். அதே டோக்கியோவில் இலங்கைக்காக எயார் றைபிளில் பங்குபற்றியவர் தெஹானி எகொடவெல. எங்கட பக்கத்தில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் இரவிரவாகக் கண் முழிக்கிற மன்னாரில், துவக்கு ஒரு விளையாட்டு என்று சொன்னால் முதலில் எல்லாரும் பேசாமல் இருப்பார்கள்.

நாங்கள் எங்கே நிற்கிறோம்?

இதை எழுதும்போது எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. மன்னாரிலும் ஒரு துப்பாக்கிச் சுடும் மைதானம் வரவேணும், இந்த விளையாட்டு ஏன் படையில் இருப்பவர்களுக்கும் கொழும்பில் இருப்பவர்களுக்கும் மட்டும் என்று ஒருத்தி கேட்டாள். எங்கட பிள்ளைகள் இன்னும் இரண்டு தலைமுறைக்குத் துவக்குச் சத்தமே கேட்கக்கூடாது என்று இன்னொருத்தன் சொன்னான். இரண்டு பேரும் சரி என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

ஒன்றில் மட்டும் ஒத்துப்போனோம். விளையாட்டுத் துவக்கு, யுத்தத் துவக்கு என்று பிறப்பிலேயே இரண்டு சாதி கிடையாது. நம்பு பிஸ்டல் கராஜுக்குள் போய் விளையாட்டுச் சாமான் ஆனது. அந்த விளையாட்டுச் சாமான் திரும்பவும் படைக்குப் போனது. பன்றிக்கு வாங்கின சொட்கன் இயக்கத்துக்குப் போனது. நடுவில் நின்று அதைத் தீர்மானித்தது சட்டமும், அதை வைத்திருந்த ஆளும், அந்த ஆளைச் சுற்றி நின்ற காலமும்தான். எங்களைப் போல ஒரு இடத்தில் பிறந்தவர்கள் துவக்கைப் பற்றிப் பயத்தோடு மட்டுமோ, பெருமையோடு மட்டுமோ பேசிப் பழகியிருக்கிறோம். அதற்கு ஒரு வரலாறு உண்டு என்று படிப்பதும் பேசுவதும் மூன்றாவது வழி. அது எங்களுக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

கட்டுரையை முடிக்க முதல், அந்தப் பழைய ரூகரைப் பூட்டும் ஒரு வீடியோவை ஊரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணைக்குப் போனில் காட்டினோம். அந்த வகைப் பிஸ்டலை அவர் வாழ்க்கையில் கண்டதே இல்லை. ஆங்கிலமும் விளங்காது. வீடியோவில் இருந்த வெள்ளைக்காரர் சட்டத்தை மூடிவிட்டுச் சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை.

"இல்ல, உள்ளுக்க ஒண்டு விழயில்ல. திரும்பக் கழட்டப்போறான் பார்," என்றார்.

கொஞ்சம் பொறுத்து அந்த வெள்ளைக்காரர் திரும்பக் கழட்டினார். எங்களுக்கு ஆச்சரியம். எப்படித் தெரியும் அண்ணை என்று கேட்டோம். அவர் போனைத் திருப்பித் தந்துவிட்டு, வயலில் பம்ப் ஓடுது, போய்ப் பார்க்கவேணும் என்று சைக்கிளை எடுத்தார்.